கொழுப்பின் போர்வையில் வந்த நச்சுயிரி



இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்குக் கிடைத்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது கொலஸ்ட்ரால் என்னும் ஒரு வரியைத்தான். எண் குறைவாக இருந்தால் முகம் மலர்கிறது. கூடுதலாக இருந்தால் அன்றிரவே வீட்டில் தேங்காய்ப்பால் குழம்புக்குத் தடை விழுகிறது. தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலும் இந்தப் பேச்சு அடிபடுவதைக் கேட்டிருக்கிறேன். எண் குறைந்திருப்பது எப்போதும் நற்செய்திதானா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்க வைக்கும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ஹெப்பாடைட்டிஸ் சி, அதாவது சி வகைக் கல்லீரல் அழற்சி.

இந்நோயை உண்டாக்கும் நச்சுயிரி, நமது இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களோடு ஒட்டி உறவாடி, அவற்றின் வேடத்திலேயே உடலெங்கும் உலவுகின்றது. அறிவியலாளர்கள் இதனைப் புரிந்துகொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையும், அதில் நம் மலேசியா வகித்த இடத்தையும் இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்ப்போம். வேதியியல் சொற்கள் சில வரும். அஞ்ச வேண்டா, சமையலறை அறிவே பெரும்பாலும் போதும்.

மிதக்கும் கொழுப்பு

எண்ணெயும் நீரும் கலவா என்பது நாம் அறிந்ததே. இரத்தத்தின் பெரும்பகுதி நீர். அப்படியிருக்க, உண்ட கொழுப்பும் கல்லீரல் ஆக்கும் கொழுப்பும் அந்த நீரோட்டத்தில் எவ்வாறு பயணம் செய்கின்றன? கொழுப்பை உள்ளே வைத்து, புரதத்தை வெளியே போர்த்திய நுண்ணிய உருண்டைகளாகத்தான். இவற்றுக்குக் கொழுப்புப்புரதம் என்று பெயர். 1929ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் மிஷேல் மாஷபோஃப் என்பவர் குதிரையின் இரத்தநீரிலிருந்து இத்தகைய ஒரு பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்காவின் பெர்க்லியில் பணியாற்றிய ஜான் கோஃப்மன். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்திற்காகப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தவர், போருக்குப்பின் இரத்தத்தின் பக்கம் திரும்பினார். தேங்காய்ப்பாலை அசையாமல் வைத்தால் கொழுப்பு மேலே ஆடையாகத் திரளும் அல்லவா? மத்தால் கடைந்தால் வெண்ணெய் இன்னும் விரைவாக மேலே வரும். கோஃப்மன் செய்ததும் ஏறத்தாழ இதுதான். இரத்தநீரில் உப்பைக் கலந்து அதன் அடர்த்தியைக் கூட்டி, நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் மையவிலக்குப் பொறியில் வைத்துச் சுழற்றினார். மற்றப் புரதங்கள் அடியில் தங்க, கொழுப்புப்புரதங்கள் மேலே மிதந்தன. அவையும் அடுக்கடுக்காக வெவ்வேறு உயரங்களில் நின்றன. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட இந்த ஆய்வுகளிலிருந்தே இன்று நம் அறிக்கைகளில் காணும் எல்.டி.எல்., எச்.டி.எல். என்னும் பெயர்கள் கிளைத்தன.

நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், கல்லீரல் புதிதாகச் செய்து அனுப்பும் மிகக் குறை அடர்த்தித் துகள் 1.006க்கும் கீழே நிற்கும். அது தசைகளுக்குக் கொழுப்பை வழங்கிவிட்டு மெலிந்தபின் எல்.டி.எல். ஆகிறது. அதன் அடர்த்தி 1.019 முதல் 1.063 வரை. எச்.டி.எல். அதனினும் கனமானது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கதையில் துப்புத் துலக்கப் பயன்பட்டவை இவைதாம்.

பயணம் முடிந்த எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கல்லீரல் உயிரணுவின் வாசலில் அவற்றை அடையாளம் கண்டு வரவேற்கும் ஏற்பி ஒன்று இருப்பதை டல்லஸ் நகர மருத்துவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1970களில் கண்டறிந்து, 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஆக, கொழுப்புத் துகளுக்குக் கல்லீரலின் கதவு எப்போதும் திறந்திருக்கும். கல்லீரலையே வாழிடமாகக் கொள்ள விரும்பும் ஒரு நச்சுயிரிக்கு இதைவிட நல்ல வழி வேறென்ன வேண்டும்?

பெயரில்லாத நோய்

1970களின் தொடக்கத்தில் ஹெப்பாடைட்டிஸ் பி நச்சுயிரியைக் கண்டறியும் பரிசோதனை இரத்த வங்கிகளுக்கு வந்துவிட்டது. 1973இல் ஹெப்பாடைட்டிஸ் ஏ நச்சுயிரியும் நுண்ணோக்கியில் தென்பட்டது. இனி இரத்தம் ஏற்றுவதால் மஞ்சள் காமாலை வராது என்றே பலரும் எண்ணினர். ஆனால், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் ஹார்வி ஆல்டரும் அவருடைய உடன்பணியாளர்களும் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, கல்லீரல் அழற்சி கண்ட பலரிடம் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. 1975இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். நோய்க்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. 'ஏ அல்லாத, பி அல்லாத கல்லீரல் அழற்சி' என்றே பதினான்கு ஆண்டுகள் அழைத்தனர். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் 'மூத்தவனும் அல்லாதவன், இளையவனும் அல்லாதவன்' என்று கூப்பிட்டது போல!

நோயாளிகளின் இரத்தத்தைச் செலுத்தினால் சிம்பன்சிக் குரங்குகளுக்கும் நோய் வந்தது. எனவே தொற்றும் பொருள் ஒன்று உள்ளது என்பது உறுதி. ஆயினும் நுண்ணோக்கியில் அது தென்படவில்லை, ஆய்வுக்கூட உயிரணுக்களில் வளரவும் மறுத்தது. நம் அண்டை மாநிலத்து நிகழ்வு ஒன்றோடு இதனை ஒப்பிடலாம். 1999இல் நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நிப்பா நச்சுயிரியை வளர்த்தெடுத்தார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டதைச் சில நாள்களிலேயே கண்ணால் காண முடிந்தது. ஹெப்பாடைட்டிஸ் சி நச்சுயிரியோ, நோய் இருப்பது தெரிந்த பிறகும் முப்பது ஆண்டுகள்வரை எந்தக் கண்ணாடிக் குடுவையிலும் முறையாக வளரவில்லை.

அந்த இருட்டுக் காலத்தில் கிடைத்த துப்பு ஒன்று வியப்பானது. 1983இல் ஸ்டீபன் ஃபைன்ஸ்டோன் குழுவினர், நோய்பரப்பும் இரத்தநீரைக் குளோரோஃபார்ம் கொண்டு கழுவிப் பார்த்தனர். கழுவிய நீரைச் செலுத்திய குரங்குகளுக்கு நோய் வரவில்லை. குளோரோஃபார்ம் கொழுப்பைக் கரைக்கும் பொருள். ஆகவே, யாரும் பார்த்திராத அந்தக் கிருமிக்குக் கொழுப்பாலான உறை உண்டு என்பது தெளிந்தது. முகம் தெரியாதவனின் சட்டை மட்டும் தெரிந்துவிட்டது எனலாம்.

முகம் தெரிந்தது 1989இல். கலிபோர்னியாவின் சைரன் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன், குவீ-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரும், நோயுற்ற சிம்பன்சியின் இரத்தநீரை வழங்கிய டேனியல் பிராட்லியும் சேர்ந்து, நச்சுயிரியைப் பார்க்காமலேயே அதன் மரபணுத் துண்டு ஒன்றைப் பிடித்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் துண்டுகளைச் சலித்து, நோயாளியின் எதிர்ப்புரதத்தோடு பொருந்திய ஒன்றைத் தேடி எடுத்தார்கள். அந்த ஒரு துண்டிலிருந்தே இரத்தப் பரிசோதனை பிறந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் மலேசியாவிலும் தானம் பெறும் இரத்தத்தில் இப்பரிசோதனை வழக்கத்திற்கு வந்தது. இதில் குவீ-லிம் சூ சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. 2013இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதைத் தமக்கு அளித்தபோது, சூவையும் குவோவையும் விட்டுவிட்டீர்களே என்று கூறி ஹௌட்டன் அதனை ஏற்க மறுத்தார். 2020இல் ஆல்டர், ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூவருக்கு மேல் தருவதில்லை என்னும் விதியினால் சூவின் பெயர் அதிலும் இடம்பெறவில்லை. என் மாணவர்களிடம் நோபல் பரிசு பற்றிப் பேசும்போது வென்றவர் பட்டியலோடு இந்தப் பெயரையும் சேர்த்தே சொல்வது என் வழக்கம்.

கனம் இல்லாத நச்சுயிரி

மரபணு கிடைத்ததும், நச்சுயிரி இருக்கும் இடத்தை இரத்தநீரில் அளந்தறிய வழி பிறந்தது. கோஃப்மனின் மையவிலக்குப் பொறி மீண்டும் மேடைக்கு வருகிறது. ஹெப்பாடைட்டிஸ் சி நச்சுயிரி, நாம் நன்கறிந்த டெங்கிக் காய்ச்சல் நச்சுயிரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. டெங்கி நச்சுயிரியின் அடர்த்தி சுமார் 1.2. உறவினன்தானே, இதுவும் அங்கேயே நிற்கும் என எதிர்பார்த்தனர். 1991இல் பிராட்லி குழுவினர் அளந்தபோதோ 1.09 முதல் 1.11 வரையிலான உயரத்தில் அது மிதந்தது. மேலும் சில நோயாளிகளின் இரத்தத்தில் 1.06 வரைகூட மேலே ஏறியது. நச்சுயிரி ஒன்று இவ்வளவு இலேசாக இருக்கலாமா? அடர்த்தி ஒரே எண்ணாக இல்லாமல் ஆளுக்கு ஆள் மாறியதும் குழப்பத்தைக் கூட்டியது. ஒரு கிருமிக்கு ஓர் அடர்த்தி என்பதே அதுவரை பாடநூல் கூறியது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ரைனர் தொம்சன் குழுவினர் 1992இல் விடையின் முதல் பாதியைத் தந்தனர். எல்.டி.எல்., அதனினும் இலேசான துகள்கள் ஆகியவற்றின் மேலுள்ள புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை நோயாளியின் இரத்தநீரில் இட்டபோது, கொழுப்புத் துகள்களோடு நச்சுயிரியும் சேர்ந்து கீழே வந்தது. அதாவது இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. மறு ஆண்டு ஜப்பானியர் ஹிஜிகாத்தா குழுவினர் இன்னொன்றைக் காட்டினர். சிம்பன்சிக்கு எளிதில் நோய் தந்த இரத்தநீரில் நச்சுயிரி இலேசாக, 1.06 அளவில் மிதந்தது. நோய் தரும் ஆற்றல் குன்றிய இரத்தநீரில் அது 1.17 அளவில் கனத்துக் கிடந்தது. அங்கே அதன்மேல் எதிர்ப்புரதங்கள் அப்பியிருந்தன.

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே. இலேசான நச்சுயிரி என்பது கொழுப்பில் மறைந்த நச்சுயிரி. அதுவே வீரியமிக்கது. எதிர்ப்புரதத்தின் பிடியில் சிக்கியது கனத்துப்போய்ச் செயலிழக்கிறது. மேற்குத் துறைமுகத்திலிருந்து நம் ஊர்ச் சாலை வழியே நாள்தோறும் வரிசையாகப் போகும் கொள்கலன் லாரிகளை நினைத்துப் பாருங்கள். முன்பின் அறியாத வண்டி ஒன்று வந்தால் காவலர் நிறுத்துவார். நாள்தோறும் வரும் அதே நிறுவன வண்டி, அதே வண்ணம், அதே முத்திரை என்றால் யார் நிறுத்தப் போகிறார்கள்?

2002இல் பிரான்சின் லியோன் நகரத்துப் பத்ரீஸ் ஆந்த்ரே குழுவினர் இத்துகள்களைத் தனியே திரட்டி ஆராய்ந்து, அவற்றுள் கொழுப்பும் கொழுப்புப்புரதத்தின் உறைப்புரதமும் நச்சுயிரியின் மரபணுவும் ஒருங்கே இருப்பதைக் காட்டினர். 'கொழுப்பு நச்சுயிரித் துகள்' என்று அதற்குப் பெயரும் வைத்தனர். 2005இல் தோக்கியோவின் தாக்காஜி வாக்கித்தா குழுவினர், கடுமையான கல்லீரல் அழற்சி கண்ட ஜப்பானிய நோயாளி ஒருவரின் நச்சுயிரியை ஆய்வுக்கூடத்தில் முதன்முறையாக வளர்த்துக் காட்டிய பின்னர் கதவுகள் மளமளவெனத் திறந்தன. 2011இல் ஹைடல்பர்க் நகரில் நச்சுயிரித் துகளின் கொழுப்பை அலசிப் பார்த்தபோது, அதில் ஏறத்தாழப் பாதி கொலஸ்ட்ரால் எஸ்டராக இருந்தது. வேறு நச்சுயிரிகளின் உறை இப்படி இருப்பதில்லை, எல்.டி.எல். துகள்தான் இப்படி இருக்கும். 2013இல் ரைஸின் ஆய்வுக்கூடத்தார் மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படங்களில், துகளின் மேற்பரப்பில் நச்சுயிரியின் சொந்தப் புரதத்தைக் காட்டிலும் மனிதனின் அப்போ-இ என்னும் கொழுப்புப்புரதமே எளிதில் அகப்பட்டது.

நச்சுயிரியும் கொழுப்பும் ஒரே உருண்டையாகக் கலந்துவிடுகின்றனவா, அல்லது இரண்டு உருண்டைகள் அருகருகே ஒட்டிக்கொள்கின்றனவா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் இரு கருத்துகள் உள்ளன.

வருவதும் போவதும்

இந்த வேடம் எங்கே தைக்கப்படுகிறது? கல்லீரல் உயிரணுவுக்குள்ளேயேதான். உயிரணுவுக்குள் கொழுப்பைச் சேமிக்கும் துளிகள் உண்டு. நச்சுயிரியின் உட்புரதம் அத்துளிகளைச் சுற்றிப் படிவதை 2007இல் கியோத்தோ ஆய்வாளர்கள் விளக்கினர். அங்கே கூட்டப்படும் நச்சுயிரி, கல்லீரல் மிகக் குறை அடர்த்தித் துகளை வெளியேற்றும் அதே பாதையில் வெளியேறுகிறது. அப்பாதையை மருந்திட்டு அடைத்தால் நச்சுயிரியின் வெளியேற்றமும் குறைகிறது. 2008இல் கிரேப்ஃப்ரூட் பழத்திலுள்ள நாரிஞ்செனின் என்னும் பொருள் ஆய்வுக்கூட உயிரணுக்களில் இதனைச் செய்ததாகச் செய்தி வந்தது. இணையத்தில் அதைப் படித்தவர்கள் பழம் தின்றால் நோய் தீரும் என்று கிளம்பிவிட வேண்டா. அது குடுவையில் நடந்தது, மனித உடலில் அன்று. சில மருந்துகளோடு அந்தப் பழம் ஒத்துப்போகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரத்தத்துக்கு வந்த பிறகும் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. 2010இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆய்வாளர்கள், நோயாளிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்துச் சில மணி நேரம் தொடர்ந்து இரத்தம் எடுத்துப் பார்த்தனர். உணவுக்குப் பின் மிக இலேசான துகள்களில் நச்சுயிரியின் எண்ணிக்கை உயர்ந்தது. நாம் நெய்ச்சோறு உண்டால் அதற்கும் புத்தாடை கிடைக்கிறது போலும்.

உள்ளே நுழையும் கதையும் இதனை ஒத்ததே. நச்சுயிரி பிடித்துக்கொள்ளும் வாசல்களில் முதலில் 1998இல் அறியப்பட்ட சிடி81 கொழுப்போடு நேர்த்தொடர்பு இல்லாதது. அடுத்து வந்தவற்றுள் சில கொழுப்பின் வாசல்கள்: 1999இல் பிரவுன், கோல்ட்ஸ்டைன் கண்ட அதே எல்.டி.எல். ஏற்பி, 2002இல் எச்.டி.எல். துகளிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கும் எஸ்.ஆர்.-பி1, 2012இல் கொலஸ்ட்ராலை உறிஞ்சும் என்.பி.சி.1எல்1. இவற்றுள் எல்.டி.எல். ஏற்பியின் பங்கைப் பற்றி ஐயம் உண்டு. அவ்வழியே போகும் நச்சுயிரிகளில் பல உள்ளே சென்று வீணாகிவிடுகின்றன என்று பின்னாளில் வந்த ஆய்வுகள் கூறின. வரவேற்பறை வரை போகலாம், ஆனால் வீட்டுக்குள் போக வேறு சாவி வேண்டும் என்பது போல.

மூன்றாம் வகையும் நம் நாடும்

ஹெப்பாடைட்டிஸ் சி நச்சுயிரியில் பல மரபு வகைகள் உண்டு. மேலை நாடுகளில் மிகுதி 1ஆம் வகை. மலேசியாவிலும் இந்தியாவிலும் மிகுதியாகக் காணப்படுவது 3ஆம் வகை. கொழுப்போடு மிக நெருங்கிய உறவு கொண்டது இந்த 3ஆம் வகைதான். மற்ற வகைகளில் கல்லீரலில் கொழுப்பு சேர்வது பெரும்பாலும் நோயாளியின் உடற்பருமன், நீரிழிவு போன்றவற்றைப் பொறுத்தது. 3ஆம் வகையிலோ நச்சுயிரியே நேரடியாகக் கொழுப்பைச் சேர்க்கிறது. கல்லீரலுக்குள் கொழுப்பு தேங்க, இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது. வெளியே போக வேண்டியது உள்ளே அடைபட்டுவிடுவதே அதற்கு ஒரு காரணம்.

இப்போது தொடக்கத்தில் கூறிய அந்த அறிக்கைக்கு வருவோம். நாற்பது ஐம்பது வயதில், மாத்திரையும் உண்ணாமல், உணவிலும் கட்டுப்பாடு இல்லாமல், கொலஸ்ட்ரால் மட்டும் மிகக் குறைவாக இருக்கும் ஒருவருக்கு எல்லாம் நலமாக இருக்கலாம். பெரும்பாலோருக்கு அப்படித்தான். ஆனால் கல்லீரல் நொதியின் அளவு உயர்ந்தும் இருந்தால், அல்லது 1990களின் நடுப்பகுதிக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவராக இருந்தால், மருத்துவரிடம் ஹெப்பாடைட்டிஸ் சி பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது அவசியம். கொலஸ்ட்ரால் எண்ணை வைத்து இந்நோயை உறுதி செய்யவும் முடியாது, இல்லையென்று தள்ளவும் முடியாது. நோயோ பத்து இருபது ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, கல்லீரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் கண்ட பிறகோதான் வெளியே தெரியும். மலேசியாவில் 2009ஆம் ஆண்டளவில் 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இத்தொற்று இருந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலக அளவில் 2022இல் 5 கோடிப் பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

84,000 டாலர் மருந்தும் ஒரு சட்டப் பிரிவும்

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சொஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. நச்சுயிரி தன் மரபணுவைப் படியெடுக்கும் நொதியை இது முடக்குகிறது. வேறொரு மாத்திரையோடு சேர்த்து 12 வாரம் உண்டால் பெரும்பாலோர் முற்றாகக் குணமடைகின்றனர். ஆனால் 12 வாரத்திற்கு விலை 84,000 டாலர், ஒரு மாத்திரை 1,000 டாலர்! மருந்தை உடைமையாகக் கொண்ட கிலியட் நிறுவனம், ஏழை நாடுகள் பலவற்றுக்கு மலிவாகச் செய்து விற்க இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் தந்தபோது, நடுத்தர வருமான நாடு என்ற காரணத்தால் மலேசியா தொடக்கத்தில் அப்பட்டியலில் சேரவில்லை. பணக்காரனுக்குரிய விலையையும் கொடுக்க முடியாது, ஏழைக்குரிய சலுகையும் கிடையாது என்னும் நிலை நம்மில் பல குடும்பங்களுக்குப் பழக்கமான ஒன்றுதான்.

2017 செப்டம்பரில், அப்போதைய சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் ச. சுப்பிரமணியம், 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவைப் பயன்படுத்தி, சொஃபோஸ்புவிர் மருந்தின் மலிவுப் பதிப்பை அரசாங்கம் தருவித்துக்கொள்ளும் முடிவை அறிவித்தார். இந்த மருந்துக்கு இத்தகைய உரிமத்தை உலகிலேயே முதலில் வழங்கிய நாடு மலேசியா. இதே பிரிவை நம் அரசாங்கம் 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்குப் பயன்படுத்தியிருந்தது. அறிவிப்புக்குச் சற்று முன்னர், ஆகஸ்டு மாதத்தில், கிலியட் நிறுவனம் தன் சலுகைப் பட்டியலில் மலேசியாவையும் சேர்ப்பதாகக் கூறியது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். அது வருவதற்குக் காரணமே இந்த அழுத்தம்தான் என்பது என் கருத்து. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து காணும் டி.என்.டி.ஐ. என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு, எகிப்தின் ஃபார்கோ நிறுவனம், நம் சுகாதார அமைச்சு ஆகியன 2016இல் கைகோத்து, ரவிடாஸ்விர் என்னும் துணை மருந்தைச் சோதித்தன. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் பங்கேற்றனர். 2018 ஏப்ரலில் பாரிஸ் மாநாட்டில் முடிவு வெளியானது: 12 வாரம் கழித்து 97 விழுக்காட்டினர் உடலில் நச்சுயிரி இல்லை. முரண்டு பிடிக்கும் 3ஆம் வகையிலும் அதே 97. 2021 ஜூன் மாதத்தில் மலேசியாவில் ரவிடாஸ்விர் பதிவு பெற்றது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இடம்பிடித்தது.

சிந்தனைக்குரிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். குணமாக்கிய இம்மருந்துகளுள் எதுவும் நச்சுயிரியின் கொழுப்புப் போர்வையைத் தொடவில்லை. எல்லாம் உயிரணுவுக்குள் அது இனம்பெருக்கும் இடத்தையே தாக்கின. அப்படியானால் போர்வையைப் பற்றி அத்தனை ஆண்டு ஆராய்ந்தது வீணா? தடுப்பூசியைப் பற்றிக் கேட்பவருக்கு விடை கிடைக்கும். ஹெப்பாடைட்டிஸ் பி-க்கு ஊசி உண்டு, நம் பிள்ளைகள் பிறந்ததுமே போட்டுக்கொள்கிறார்கள். சி-க்கு இன்றுவரை இல்லை. நச்சுயிரி அடிக்கடி உருமாறுவது ஒரு காரணம், எதிர்ப்புரதம் பிடிக்க வேண்டிய இடங்களைக் கொழுப்பு மூடிக்கொண்டிருப்பது மற்றொரு காரணம். அமெரிக்காவில் சோதித்த தடுப்பூசி ஒன்று நீடித்த தொற்றைத் தடுக்கவில்லை என 2021இல் விரிவான அறிக்கை வந்தது. ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்று வரலாம் என்பதால், தடுப்பூசி இல்லாமல் இந்நோயை ஒழிப்பது கடினமான காரியம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இது இரத்தத்தின் வழியே பரவும் நோய். ஒரே தட்டில் உண்பதாலோ, பக்கத்து நாற்காலியில் அமர்வதாலோ, விளையாடுவதாலோ பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதும் 100க்கு 5 அளவில்தான். ஊசியைப் பகிர்தல், தூய்மையற்ற கருவியால் பச்சை குத்துதல், பழைய நாளில் ஏற்றிய பரிசோதிக்கப்படாத இரத்தம் ஆகியவையே முதன்மை வழிகள். வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் விலக்கி வைக்க நாம் இடம் கொடுக்கலாகாது.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் இரண்டு படிகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது எதிர்ப்புரதப் பரிசோதனை, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். 2018 இறுதியிலிருந்து 2019 வரை நாட்டில் 25 அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் இதனை முயன்று பார்த்தனர். பெரிய மருத்துவமனைக்கு அலையாமலே நோயைக் கண்டறியலாம் என்பது அதில் தெரியவந்தது. ஆனால் எதிர்ப்புரதம் இருப்பது, என்றோ ஒருநாள் நச்சுயிரி வந்து போனதற்கும் அடையாளமாகலாம். குணமானவரிடமும் அது ஆயுள் முழுவதும் இருக்கும். ஆகவே நச்சுயிரியின் மரபணு இப்போது இரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் இரண்டாம் பரிசோதனைக்குப் பின்னரே சிகிச்சை. கோல லங்காட், கிள்ளான் வட்டாரத்தார் தங்கள் பக்கத்துச் சுகாதார கிளினிக்கில் விசாரித்துக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை உண்பவர்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சில ஸ்டாட்டின் மருந்துகளின் அளவைச் சிகிச்சைக் காலத்தில் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும்.

சிகிச்சை முடிந்து நச்சுயிரி ஒழிந்ததும், பலருக்கு எல்.டி.எல். எண் உயர்கிறது. 3ஆம் வகைத் தொற்று இருந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கல்லீரலில் அடைபட்ட கொழுப்பு வழக்கமான பாதையில் மீண்டும் வெளியே வருகிறது, துகள்களில் நச்சுயிரி ஒட்டிக்கொள்வதும் இல்லை. மருந்து உண்டபின் கொலஸ்ட்ரால் கூடிவிட்டதே என்று கலங்கி வருபவர்களிடம் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்: இதுவே உங்கள் உண்மையான எண், இதுவரை அறிக்கையில் இருந்தது நச்சுயிரி எழுதிய எண். அந்த உண்மையான எண்ணுக்கு ஏற்ற உணவும் நடைப்பயிற்சியும், வேண்டுமாயின் மாத்திரையும், அதன் பிறகு தொடங்கும்.